புல்லட் எடுக்கப் போகிறீர்களா? எந்த எஞ்சின் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

"புல்லட் எடுக்கலாம்னு இருக்கேண்ணா" என்று யார் வந்து நின்றாலும் நான் கேட்கும் முதல் கேள்வி, "எந்த எஞ்சின்?" என்பதுதான். பாதிப் பேர் விழிப்பார்கள். புல்லட் என்றால் புல்லட்தானே, அதில் என்ன எந்த எஞ்சின் என்பார்கள்.

நம் சாலைகளில் அந்த ஒரே பேச்சுப் பெயரில், ஏறக்குறைய ஒரே முகத்தோடு, மூன்று வேறு ராயல் என்ஃபீல்டு வண்டிகள் ஓடுகின்றன. 2010 வரை வந்த 'இரும்பு போர்' வண்டி, அதாவது சிலிண்டர் இரும்பால் ஆனது. அதையடுத்துப் பத்தாண்டுக்கு மேல் வந்த யூசிஇ எஞ்சின் வண்டி. இப்போது ஷோரூமில் நிற்கும் ஜே சீரிஸ் எஞ்சின் வண்டி. ஹெட்லைட்டுக்கு இரு பக்கமும் பூனைக் கண் மாதிரி எரியும் சின்ன விளக்குகள் மூன்று தலைமுறையிலும் உண்டு. தூரத்தில் நின்று பார்த்தால் அண்ணன் தம்பி என்றுதான் தோன்றும். உள்ளே இருக்கும் இரும்பு வேறு, ஓட்டும் முறை வேறு, கோளாறு வந்தால் போய் நிற்க வேண்டிய வாசலும் வேறு. இந்தக் கடைசி வேற்றுமையைத்தான் வாங்குபவர்கள் யோசிப்பதே இல்லை. என் கணக்கில் அதுதான் முதலில் வர வேண்டும்.

இப்போது இதை எழுதக் காரணம், எங்கள் தெருவில் மூன்று வீடு தள்ளி இருக்கும் ஒரு தம்பி. நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறை ஒன்றில் கணக்கு பார்க்கிறான். வீட்டுக்கும் பட்டறைக்கும் போக வர 14 கிலோமீட்டர். ஞாயிற்றுக்கிழமை என்றால் நண்பர்களோடு கொல்லிமலை ஏற வேண்டும். வருஷத்துக்கு ஒரு முறையாவது ராமேஸ்வரம் வரை போக ஆசை. கையில் சேர்த்து வைத்த பணம் ஏறக்குறைய இரண்டு லட்சம். அவன் முன்னால் மூன்று வண்டிகள் இருக்கின்றன: ராசிபுரத்தில் ஒரு ரிட்டயர்டு வாத்தியாரிடம் 1994 மாடல் இரும்பு போர் புல்லட், சேலத்தில் 2016 மாடல் கிளாசிக் 350, ஷோரூமில் புது புல்லட். "யூட்யூப்ல ஆளுக்கொண்ணு சொல்றாங்கண்ணா, நீங்க வந்து பாருங்க" என்றான். போனேன்.

மூன்றையும் எடை போடும் முன்னால், இந்த மூன்றும் எப்படி வந்தன என்று கொஞ்சம் தெரிந்துகொள்வது நல்லது. வண்டியின் குணம் அது பிறந்த தொழிற்சாலையிலிருந்து வருவது.

ராயல் என்ஃபீல்டு இங்கிலாந்தின் ரெட்டிச் ஊர்க்காரப் பெயர். 1950களில் நம் ராணுவம் எல்லைக் காவலுக்கு 350 சிசி புல்லட் 800 வண்டி கேட்டது. 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸும் ரெட்டிச் நிறுவனமும் கைகோத்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. திருவொற்றியூரில் தொழிற்சாலை எழுந்தது. முதலில் கப்பலில் வந்த பாகங்களைப் பூட்டினார்கள். பிறகு அச்சுகளும் கருவிகளும் இங்கேயே வந்து சேர, முழு வண்டியும் சென்னை வண்டி ஆயிற்று. 1970-ஐ ஒட்டி இங்கிலாந்தில் தாய் நிறுவனமே மூடப்பட்டது. திருவொற்றியூர் மூடவில்லை. 1977-ல் இங்கிருந்து இங்கிலாந்துக்கே புல்லட் ஏற்றுமதி ஆனது. எங்கேயோ பிறந்த வண்டியைத் தத்தெடுத்து, பெற்றவர்கள் கைவிட்ட பிறகும் வளர்த்து ஆளாக்கியது நம் கடற்கரைத் தொழிலாளர்கள். இதைச் சொல்லும்போது எனக்கு இப்போதும் பெருமையாக இருக்கிறது. டேங்கின் ஓரத்தில் தங்க நிறக் கோடு இழுக்கும் வேலையை அங்கே பல காலமாகக் கையாலேயே செய்தார்கள். ஒரே மூச்சில் தூரிகையை இழுத்து முடிக்கும் அந்தக் கைக்கோடு இன்றும் சில நிறங்களில் வருகிறது.

ஒரே வடிவமைப்பைப் பல பத்தாண்டுகள் மாற்றாமல் செய்ததில் லாபமும் உண்டு, நஷ்டமும் உண்டு. 1994-ல் நிறுவனம் ஐஷர் குழுமத்தோடு இணைந்தது. 2000-ஐ ஒட்டி மாதத்துக்கு 2,000 வண்டி விற்றாலே பெரிது என்ற நிலை. இழுத்து மூடிவிடலாமா என்ற பேச்சு நடந்த காலத்தில்தான் 26 வயது சித்தார்த்த லால் பொறுப்பேற்றார். புதிய எஞ்சினும் கிளாசிக் மாடலும் அதன் பிறகு வந்தவை. ஓரகடம் ஆலை 2013-ல், வல்லம் வடகால் ஆலை 2017-ல். 2024-25 நிதியாண்டில் விற்பனை 10 லட்சத்தைத் தாண்டியது. மாதம் 2,000 வண்டி செய்தபோது ஒவ்வொரு வண்டியையும் தெரு மெக்கானிக் கையில்தான் விட்டாக வேண்டும். வருஷம் 10 லட்சம் செய்யும்போது எல்லாம் சர்வீஸ் சென்டர் கணக்குக்கு வந்துவிடுகிறது.

ராசிபுரத்து வண்டி

வாத்தியார் வண்டியை வேப்பமரத்தடியில் நிறுத்தி, துணி போட்டு மூடி வைத்திருந்தார். 346 சிசி, நான்கு கியர். கியர் வலது காலில், பின் பிரேக் இடது காலில். தம்பி உடனே ஏறி உட்கார்ந்து கிக்கரில் கால் வைத்தான். "இருங்க தம்பி, அவசரப்படாதீங்க" என்று வாத்தியார் கையைப் பிடித்து நிறுத்திவிட்டு அவரே ஸ்டார்ட் செய்து காட்டினார்.

சாவியைத் திருப்பியதும் ஹெட்லைட் கூட்டின் மேலே இருக்கும் ஆம்பியர் மீட்டரின் முள் ஒரு பக்கம் சாய்ந்தது. கிக்கரை மிக மெதுவாக அழுத்தினார். ஓர் இடத்தில் முள் நடுவுக்கு வந்து நின்றது. ஸ்பார்க்குக்கான மின்சாரத்தை விட்டு நிறுத்தும் பாயிண்ட் திறந்துவிட்டது, பிஸ்டன் உச்சிக்குப் பக்கத்தில் இருக்கிறது என்று அதற்குப் பொருள். இடது கைப்பிடியில் இருக்கும், சிலிண்டர் அழுத்தத்தை வெளியே விடும் டிகம்ப்ரஷர் லீவரைப் பிடித்துக்கொண்டு கிக்கரை இன்னும் ஒரு விரற்கடை நகர்த்தினார். லீவரை விட்டார். கிக்கர் முழுதாக மேலே வந்ததும் உடம்பின் எடையை இறக்கி ஒரே உதை. தும்... தும்... தும். அறுபதைத் தாண்டியவர். மூச்சுகூட வாங்கவில்லை. இதை எல்லாம் பார்க்காமல் முரட்டுத்தனமாக உதைத்தால் கிக்கர் திருப்பி அடிக்கும். கணுக்கால் வீங்கிப் படுத்தவர்கள் ஊருக்கு இரண்டு பேராவது இருப்பார்கள்.

அந்தச் சத்தத்துக்குக் காரணம் உண்டு. சிலிண்டரின் குறுக்களவு 70 மி.மீ., பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 90 மி.மீ. அகலத்தைவிட ஆழம் அதிகம். கூடவே கனமான ஃப்ளைவீல். அதனால் ஐடிலிங்கில் ஒவ்வொரு வெடிப்பையும் எண்ணிவிடலாம். இரண்டாவது கியரில் போட்டுவிட்டு ஆக்ஸிலேட்டரைத் தொடாமலே நடை வேகத்தில் தேர் மாதிரி போகும்.

ஆனால் அந்த எஞ்சினை விரட்டக் கூடாது. பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடின் கீழ்முனையில் உருளை பேரிங் கிடையாது, மிதக்கும் புஷ்தான். ஆயில் ஓட்டம் சரியாக இருந்து 60, 65-ல் போகும் வரை அது ஆண்டுக்கணக்கில் உழைக்கும். நான்குவழிச் சாலையில் 90-ல் ஒரு மணி நேரம் விரட்டினால் அந்தப் புஷ் தாங்காது. இரும்பு போர் சூட்டைச் சீக்கிரம் வெளியே விடாது என்பதால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும் ஆபத்தும் உண்டு. இந்த வண்டி பிறந்தபோது நம் ஊரில் நான்குவழிச் சாலையே இல்லை. அந்தக் காலச் சாலைக்கு அது சரியான வண்டி. இன்றைய சேலம்–மதுரை சாலையில் பின்னால் பேருந்து ஹாரன் அடிக்கும்போது 60-ல் போவதற்கு மனத்திடம் வேண்டும்.

இன்னொன்று காலைப் பற்றியது. தம்பி வீட்டில் அப்பாவின் வண்டி ஒன்று இருக்கிறது. அதில் வலது கால் பிரேக். இதில் வலது கால் கியர். சும்மா ஓட்டும்போது பழகிவிடும். நாய் குறுக்கே பாயும் அந்த அரை நொடியில் கால் பழைய பழக்கத்துக்குப் போய், பிரேக் என்று நினைத்துக் கியரை மிதிக்கும். தினமும் இரண்டு வகை வண்டியையும் மாற்றி மாற்றி ஓட்டுபவருக்கு இரும்பு போர் வண்டியை நான் பரிந்துரைக்காததற்கு இதுவே போதும்.

பராமரிப்பைச் சொல்லாமல் விட முடியாது. எங்கள் ஊரில் இந்த வண்டிகளைப் பார்க்கும் மெக்கானிக் ஒருவர் இருக்கிறார். வலது பக்க டேப்பெட் மூடியைக் கழற்றி, வால்வைத் திறக்க உதவும் கம்பியான புஷ்ராடை இரண்டு விரலால் உருட்டிப் பார்ப்பார். எஞ்சின் நன்றாக ஆறியிருக்க வேண்டும். ராடு விரலுக்கு லேசாகச் சுழல வேண்டும், மேலும் கீழும் துளிகூட ஆடக் கூடாது. அதற்கு அவர் அளவுக்கருவி எதையும் எடுத்து நான் பார்த்ததில்லை. விரல்தான் கருவி. பழைய வண்டிகளில் பல நட்டுகள் ஆங்கில அளவில் இருக்கும், மில்லிமீட்டர் ஸ்பேனர் போட்டால் முனை மழுங்கும். அதற்கான ஸ்பேனர்களைத் தனியாக ஒரு சாக்குப் பையில் வைத்திருக்கிறார். இப்போது அவருக்கு வயதாகிவிட்டது. மகன் வேறு வேலைக்குப் போய்விட்டான். கடை இன்னும் எத்தனை வருஷம் என்று அவருக்கே தெரியாது. இரும்பு போர் வண்டி வாங்குவது என்றால் அந்த விரல்களையும் சேர்த்து வாங்குவதாக அர்த்தம். அவை இல்லாவிட்டால் நீங்களே கற்றுக்கொள்ள வேண்டும். பேக்கிங், பாயிண்ட், கேபிள் என்று பாகங்களுக்குக் கஷ்டமில்லை, சென்னை புதுப்பேட்டையில் தேடினால் கிடைக்காதது குறைவு. கைதான் அரிது.

காகிதத்தையும் சொல்ல வேண்டும். 15 ஆண்டு தாண்டிய வண்டிக்கு ஆர்சி புதுப்பித்திருக்க வேண்டும், பிறகு 5 ஆண்டுக்கு ஒரு முறை. அதைப் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். சேஸிஸ் நம்பர் மேல் காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்து ஆர்சியோடு ஒப்பிடுங்கள். எஞ்சின் நம்பரையும் தனியே பாருங்கள். ராணுவ ஏலத்தில் வந்து பல கை மாறிய வண்டிகளில் எஞ்சின் ஒன்று, சேஸிஸ் ஒன்று என்று சேர்ந்திருப்பது உண்டு. வாத்தியார் வண்டியில் எல்லாம் சுத்தம். அவர் ஃபர்ஸ்ட் ஓனர்.

இடையில் ஒரு குறிப்பு. 2000-ஐ ஒட்டியும் அதன் பிறகும் வந்த மச்சிஸ்மோ, பழைய தண்டர்பேர்டு வண்டிகளில் ஏவிஎல் என்ற அலுமினிய எஞ்சின் இருந்தது. ஓட்ட இனிமையானது. இரும்பு போருக்கும் யூசிஇ-க்கும் நடுவில் வந்து நின்றுபோன தலைமுறை என்பதால், தெரிந்த மெக்கானிக் இல்லாமல் அதில் கை வைக்க வேண்டாம். டீசல் புல்லட் யாராவது விற்றால் போய்ப் பாருங்கள், ஒரு ரவுண்டு ஓட்டிப் பாருங்கள், அத்தோடு வந்துவிடுங்கள்.

சேலத்து கிளாசிக்

யூசிஇ என்பதன் பொருள் எளிது. பழைய வண்டியில் எஞ்சின் தனிக் கூடு, கியர்பாக்ஸ் தனிக் கூடு. இரண்டையும் ஒரே கூட்டில் அடக்கியதுதான் யூசிஇ. 2008-ல் தண்டர்பேர்டில் முதலில் வந்தது, 2009-ல் கிளாசிக்கோடு பரவியது. இந்த எஞ்சினில்தான் கம்பெனியின் தலையெழுத்து மாறியது. இன்று நம் தெருக்களில் நீங்கள் பார்க்கும் பழைய வண்டிகளில் பெரும்பாலானவை இவைதான்.

நான் இதை விரும்புவதற்குக் காரணம், இது இரண்டு காலத்திலும் கால் வைத்திருப்பது. 70க்கு 90 என்ற அந்தப் பழைய அளவு இதில் மாறவில்லை. புஷ்ராடும் இருக்கிறது. அதனால் சத்தத்திலும் இழுப்பிலும் இரும்பு போரின் சாயல் அப்படியே உண்டு. 4000 சுற்றில் 28 நியூட்டன் மீட்டர் முறுக்கு, பழைய வண்டிக்கு ஒரு படி மேலே. ஆனால் டேப்பெட் ஹைட்ராலிக், ஆயில் அழுத்தத்தில் தானே சரியாகிக்கொள்ளும், விரலால் உருட்டிப் பார்க்கும் வேலை போயிற்று. பாயிண்ட் போய் எலெக்ட்ரானிக் இக்னிஷன் வந்தது. கியர் இடது காலுக்கு வந்தது, ஐந்தாகவும் ஆனது. 80-ல் நாள் முழுக்கப் போகலாம். கிளாசிக்கில் செல்ஃபும் உண்டு, கிக்கரும் உண்டு. பேட்டரி சோர்ந்துபோன காலையிலும் வேலைக்குப் போய்விடலாம்.

350-ல் 2020 வரை கார்புரேட்டர்தான். இதை ஒரு குறையாகச் சொல்பவர்கள் உண்டு. நம் தம்பிக்கு அது பலம் என்றே நினைக்கிறேன். ராமநாதபுரம் தாண்டி எங்காவது வண்டி தடுமாறினால், எந்த ஊர் மெக்கானிக்கும் பிளக்கைக் கழற்றி நிறம் பார்த்து, கார்புரேட்டரைத் துடைத்துக் கொடுத்துவிடுவார். 2020-ல் பிஎஸ்-6 புகை விதி வந்ததும் யூசிஇ-யும் எஃப்ஐ ஆனது, அதாவது கார்புரேட்டர் போய் எலெக்ட்ரானிக் முறையில் பெட்ரோல் தெளிப்பது, புல்லட்டில் 2023 வரை அப்படி வந்தது. பழைய எஞ்சினும் புதிய மூளையும் சேர்ந்த அந்த வண்டி நல்ல விலைக்கு வந்தால் அதையும் பாருங்கள்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியது செல்ஃபைத்தான். பேட்டரி சோர்ந்திருக்கும்போது ஓனர் திரும்பத் திரும்ப செல்ஃப் அடித்திருந்தால், ஒவ்வொரு முறையும் எஞ்சின் திருப்பி உதைக்கும் அடி, செல்ஃப் மோட்டாரை எஞ்சினோடு இணைக்கும் ஸ்ப்ராக் கிளட்ச் மேல் விழும். செல்ஃப் அடிக்கும்போது 'டணங்' என்று இரும்பு மோதும் ஓசை வந்தால் கையோடு விலையைக் குறைத்துப் பேசுங்கள், அது எஞ்சினைத் திறக்கும் வேலை. ஆறிய எஞ்சினை ஸ்டார்ட் செய்ததும் டேப்பெட் சில நொடி தட்டிவிட்டு ஆயில் ஏறியதும் அடங்க வேண்டும். சூடான பிறகும் தட்டினால் யோசியுங்கள். முன்சக்கரத்தைத் தூக்கி நிறுத்தி ஹேண்டிலை மெல்லத் திருப்பினால் நடுவில் எங்காவது பள்ளத்தில் விழுந்த மாதிரி நிற்கிறதா என்று பாருங்கள். நின்றால் ஹேண்டில் பேரிங்கான கோன் செட் போய்விட்டது, அது பெரிய செலவில்லை.

பெரிய குறை பிரேக். 125 சிசி-க்கு மேல் எல்லாப் புது வண்டிக்கும், பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ் கட்டாயமானது 2019 ஏப்ரலில்தான். 2016 கிளாசிக்கில் அது இல்லை, பின்னால் டிரம்தான். 190 கிலோவைத் தாண்டிய வண்டியை மழையில் நிறுத்துவது ஓட்டுபவரின் கையிலும் காலிலும் இருக்கிறது. முடிந்தால் 2019-க்குப் பிந்தைய வண்டியாகத் தேடுங்கள் என்று தம்பியிடமும் சொன்னேன். பட்ஜெட்டுக்குள் நல்லதாக எதுவும் கிடைக்கவில்லை.

சேலத்து ஓனர் சைலன்சரை மாற்றியிருந்தார். தெருமுனையிலேயே காது அடைத்தது. நம் ஊரில் புல்லட் என்றாலே கூச்சல் என்று பேர் வந்ததற்கு இந்தச் சைலன்சர்கள்தான் காரணம். தூங்கும் குழந்தையும் மாத்திரை போட்டுப் படுத்திருக்கும் பெரியவரும் தெருவுக்கு இருவராவது இருக்கிறார்கள். போலீஸ் பிடித்தால் அபராதமும் உண்டு. ஒரிஜினல் சைலன்சர் கையில் இருந்தால்தான் வண்டியை எடுப்போம் என்று சொல்லிவிட்டோம். பரண் மேல் இருக்கிறது என்றார்.

ஷோரூம் வண்டி

ஜே சீரிஸ் 2020 நவம்பரில் மீட்டியோர் மாடலோடு வந்தது. 2021-ல் புதிய கிளாசிக், 2022-ல் ஹண்டர், 2023-ல் புல்லட். 349 சிசி. குறுக்களவு 72 மி.மீ., ஏறி இறங்கும் தூரம் 85.8 மி.மீ. புஷ்ராடு போய், வால்வுகளை இயக்கும் கேம் ஷாஃப்ட் ஹெட்டின் மேலேயே ஏறிவிட்டது. முக்கியமாக, அதிர்வைச் சமன் செய்யும் பேலன்சர் ஷாஃப்ட் உள்ளே சுழல்கிறது. 20.2 குதிரைத்திறன், 27 நியூட்டன் மீட்டர். காகிதத்தில் யூசிஇ-க்கும் இதற்கும் வேற்றுமை இல்லாத மாதிரி தெரியும். ஓட்டினால் முதல் கிலோமீட்டரிலேயே தெரிந்துவிடும். 90-ல் போகும்போது கண்ணாடியில் பின்னால் வரும் லாரியின் நம்பர் பிளேட்டைப் படிக்க முடிகிறது. யூசிஇ-யில் அந்த வேகத்தில் லாரி இருக்கிறது என்பது மட்டும்தான் தெரியும்.

கொல்லிமலையில் இதை நன்றாக உணர்ந்தேன். காரவள்ளியிலிருந்து மேலே ஏற 70 கொண்டை ஊசி வளைவுகள். ஏறும்போது மூன்று வண்டிக்கும் பெரிய வேற்றுமை இல்லை. இரும்பு போர்கூட இரண்டாவது கியரில் முனகாமல் ஏறிவிடும். வேற்றுமை இறங்கும்போதுதான். நாற்பதாவது வளைவு தாண்டும்போது பழைய வண்டியின் டிரம் சூடேறி லீவர் மெத்து மெத்தென்று ஆகத் தொடங்கும், எஞ்சினைக் கீழ்க் கியரில் போட்டு அதன் பிடியில்தான் இறங்க வேண்டும். யூசிஇ-யின் முன் டிஸ்க் நம்பிக்கை தரும், ஆனால் வளைவில் சிந்திக்கிடக்கும் மணலைக் கண்டால் விரல் தயங்கும். ஜே-யில் ஏபிஎஸ்ஸும், இரட்டைக் குழாயில் அமைந்த புதிய சேஸிஸும் சேர்ந்து, வளைவுக்குள் போன பிறகு வண்டி நினைத்த கோட்டிலேயே நிற்கிறது. எதிரே மினி பஸ் முழு அகலத்துக்கும் திரும்பி வரும் இடங்களில் அந்த ஒரு முழ இடைவெளி பெரிய விஷயம். அடிப்படை வகை சிலவற்றில் பின்னால் டிரம்மும், முன்சக்கரத்துக்கு மட்டும் ஏபிஎஸ்ஸும்தான், அதைக் கேட்டு வாங்குங்கள்.

வாகனமாக மட்டும் பார்த்தால் மூன்றில் இதுதான் சிறந்தது. எனக்கு இதில் சந்தேகமே இல்லை. உங்களிடம் வேறு வண்டியே இல்லை, ஊர் ஊராகப் போக வேண்டும், கிரீஸைத் தொடுவதில் ஆர்வமில்லை என்றால் மேற்கொண்டு படிக்க வேண்டாம், ஜே எடுத்துவிடுங்கள். வரியும் இப்போது சாதகம். 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரை ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதமாக இறங்கியது, அதைத் தாண்டினால் 40. ஹிமாலயன் 450 மாதிரி பெரிய எஞ்சின் பக்கம் மனசு போகிறவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும்.

இழப்பது என்ன? கிக்கர் கிடையாது. பேட்டரி இறங்கினால் தள்ளித்தான் ஸ்டார்ட் செய்து பார்க்க வேண்டும். 195 கிலோ. எஃப்ஐ, சென்சார், ஸ்கேனர் என்று போவதால் வாரன்டி முடிந்த பிறகும் பல வேலைகளுக்கு சர்வீஸ் சென்டர் வாசலுக்குத்தான் போக வேண்டும். நாமக்கல், சேலம் மாதிரி ஊர்க்காரருக்கு அது தொல்லையில்லை. உள்ளடங்கிய கிராமத்திலிருந்து வருபவருக்கு ஒரு நாள் கூலி போய்விடும். சத்தம்? நன்றாகவே இருக்கிறது, ஆனால் வெடிப்பை எண்ண முடிவதில்லை. அதற்காக ஏங்குபவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். என் சித்தப்பா பத்து மணிக்கு வயலிலிருந்து திரும்பும்போது அந்த எண்ணக்கூடிய சத்தம் ஏரிக்கரையில் கேட்டதுமே சித்தி அடுப்பில் தோசைக்கல்லைப் போடுவார்.

பெயரில் பிடிப்பு இல்லாதவர்கள் ஹோண்டாவின் சிபி350 வகைகளை ஓட்டிப் பாருங்கள். 30 நியூட்டன் மீட்டர், வெண்ணெய் மாதிரி கிளட்ச், பின்சக்கரம் வழுக்காமல் பார்த்துக்கொள்ளும் டிராக்‌ஷன் கன்ட்ரோல். ஆனால் அது பிக்விங் ஷோரூம்களில் மட்டும் கிடைக்கும். உங்கள் ஊரிலிருந்து அது எத்தனை கிலோமீட்டர் என்று முதலில் பாருங்கள். ஜாவா ஒரு தனி உலகம். மைசூரில் 1961 முதல் 1996 வரை ஓடிய ஆலையின் நினைவு அந்தப் பெயரில் இருக்கிறது. 2018-ல் மீண்டு வந்தது வேறு எஞ்சின், துறுதுறுவென்று சுற்றுவது. புல்லட் தேடி வந்தவருக்கு அது பதிலாகாது.

எதை எடுப்பது

லடாக் போவதற்காக வாங்குகிறேன் என்று சொல்பவர்கள் நிறைய. அங்குள்ள கார்துங் லா கணவாய் உச்சியில் வண்டியோடு நின்று படம் எடுக்கும் ஆசை நியாயமான ஆசை, எனக்கும் இருந்தது. ஆனால் அந்தப் பயணம் வாழ்க்கையில் ஒரு முறை, பதினைந்து நாள். மீதி நாளெல்லாம் பட்டறைக்குப் போகும் 14 கிலோமீட்டர். வண்டியை அந்த 14 கிலோமீட்டருக்குப் பார்த்து எடுக்க வேண்டும் என்று தம்பியிடம் சொன்னேன். மைலேஜைப் போட்டுக் குழப்பிக்கொள்ளவும் வேண்டாம், நன்றாக இருக்கும் வண்டி எதுவானாலும் லிட்டருக்கு 30, 35-ஐ ஒட்டித்தான் கொடுக்கும்.

அவன் மனசு ராசிபுரத்தில் இருந்தது. அந்த ஒரு உதையில் விழுந்துவிட்டான். நியாயந்தான். ஆனால் தினமும் வேலைக்குப் போக ஒரே வண்டி, வீட்டில் மாற்றுக் கால் பழக்கம், பார்த்துக்கொண்டிருக்கும் ஒரே மெக்கானிக்குக்கு வயது. மூன்றும் சேர்ந்தால் ஒரே வருஷத்தில் வண்டி துணி மூடிக் கிடக்கும், அதைவிட அந்த வண்டிக்குத் துரோகம் இல்லை. இரண்டாவது வண்டியாக, ஞாயிற்றுக்கிழமை வண்டியாக, கற்றுக்கொள்ளும் பொறுமையோடு எடுப்பவருக்கே அது போக வேண்டும். வாத்தியாரும் அதையேதான் சொன்னார். "இன்னும் ரெண்டு வருஷம் ஓட்டுவேன், நீ அப்பப்ப வந்து கத்துக்க, அப்புறம் பாத்துக்கலாம்" என்று அனுப்பிவிட்டார்.

புது வண்டியா, சேலத்து கிளாசிக்கா என்பது கடைசியில் பணத்திலும் வாசலிலும் வந்து நின்றது. புதியது எடுத்தால் சேமிப்பு முழுதும் போய், மேலே கொஞ்சம் கடனும் நிற்கும். தங்கை கல்யாணம் அடுத்த தையில். கிளாசிக் எடுத்தால் கையில் கணிசமாக மிஞ்சும். பட்டறைக்கு எதிரிலேயே இருக்கும் மெக்கானிக் பத்து வருஷமாக யூசிஇ பிரித்துப் பூட்டுகிறவர். ஏபிஎஸ் இல்லையே என்ற என் கவலை தீரவில்லை, அதை அவனிடம் மறைக்கவும் இல்லை. நல்ல டயர் இரண்டும் புதுசாகப் போட வேண்டும், பிரேக் ஷூவும் பேடும் மாற்ற வேண்டும், மழையில் மலைக்குப் போகக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன். அவன் அம்மாவிடமும் சொல்லியிருக்கிறேன்.

போன முறை சாயங்காலம் போனபோது ஓனர் அப்போதுதான் எங்கோ போய்விட்டு வந்திருந்தார், எஞ்சின் சுட்டது. சுடும் எஞ்சின் எல்லாக் குறையையும் மறைக்கும். அதனால் இந்தச் சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு மறுபடி சேலம் போகிறோம். நாங்கள் வந்து சேரும் வரை வண்டியைத் தொட வேண்டாம், பரணிலிருந்து சைலன்சரை மட்டும் இறக்கி வைத்திருங்கள் என்று போனில் சொல்லிவிட்டான் தம்பி.